கடைசி வாய்ப்பும் கணக்கேடும்

உண்மை நிகழ்ச்சிகளைப் படம்பிடித்துத் தொகுக்கும் விவரணக் கலையிலே ஆக்கியோன் கைவரிசைக்கு இடமில்லை என்று கருதுவோர் பலர். அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று. நூறு மணிநேரம் ஒளிப்பதிவு செய்து அதிலிருந்து ஒரு மணிநேரத்தைக் காட்டுவோன், எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் தெரிவினாலேயே தன் கதையை ஆக்கிக்கொள்கின்றான். ஆதலின் விவரணப் படமொன்றைத் திறனாய்வோர் திரையிலே காட்டப்பட்டவற்றை நோக்குவதோடு அமையாது, காட்டாது விடப்பட்டவற்றையும் நோக்குதல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகள் சிலவற்றின் விளையாட்டு அணிகளைப் பொருளாகக் கொண்டு, கிறெக் வைற்லி என்னும் நெறியாளர் உருவாக்கிய ‘லாஸ்ற் சான்ஸ் யூ’ என்னும் தொடர் இவ்வகை ஆய்வுக்கு மிகவும் ஏற்றது. ‘கடைசி வாய்ப்புப் பல்கலைக்கழகம்’ என்பது அத்தலைப்பின் கருத்து. 2016ஆம் ஆண்டு ஜூலை மாதம் நெற்பிளிக்ஸ் நிறுவனத்தால் வெளியிடப்படத் தொடங்கிய இத்தொடர், 2020 வரையில் ஐந்து பாகங்களாக வந்தது. முதலிரு பாகங்கள் மிசிசிப்பி மாநிலத்து ஸ்கூபா என்னும் சிற்றூரிலுள்ள கிழக்கு மிசிசிப்பிச் சமுதாயக் கல்லூரியையும், அடுத்த இரண்டும் கன்சாஸ் மாநிலத்து இன்டிப்பென்டன்ஸ் சமுதாயக் கல்லூரியையும், ஐந்தாவது பாகம் கலிபோர்னியாவின் ஒக்லண்ட் நகரிலுள்ள லேனிக் கல்லூரியையும் களமாகக் கொண்டன. 2021இலும் 2022இலும் கிழக்கு லொஸ் ஏஞ்சலிஸ் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணியைப் பற்றிய இரு பாகங்கள் தொடர்ந்தன. மாந்தர் முகங்களைக் காட்டுவதில் இத்தொடர் பெருவெற்றி பெற்றது. அம்மாந்தரைத் தாங்கி நிற்கும் கணக்கேட்டைத் திறந்து காட்டுவதில் பெரிதும் தயங்கியது. அக்கணக்கு எவ்விடத்திலே காட்சிக்குள் நுழைகின்றதோ, அவ்விடத்திலேயே தொடரும் உயர்ந்து நிற்கின்றது. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமுதாயக் கல்லூரி என்பது யாது என முதற்கண் அறிதல் நன்று. நான்காண்டுப் பல்கலைக்கழகப் படிப்பின் முன்னிரண்டு ஆண்டுகளையும், அவற்றோடு பல்வேறு தொழிற்கல்வியையும் குறைந்த கட்டணத்தில் வழங்கும் பொது நிறுவனம் அது. 1901ஆம் ஆண்டிலே இலினோய் மாநிலத்தில் நிறுவப்பட்ட ஜோலியெற் இளநிலைக் கல்லூரி அவ்வகையிலே மிகப் பழையது. உலகப் போரின் பின், 1947இல் சனாதிபதி ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணைக்குழுவின் அறிக்கை, ‘சமுதாயக் கல்லூரி’ என்னும் பெயரையும் எல்லோர்க்கும் கதவு திறந்திருத்தல் வேண்டும் என்னும் கொள்கையையும் நாடெங்கும் பரப்பிற்று. புள்ளி குறைந்தோரும், வேலை செய்துகொண்டே படிப்போரும், இடையிலே படிப்பை விட்டு மீண்டு வருவோரும் நுழையக்கூடிய வாயில் அது.

அவ்வாயிலால் விளையாட்டு வீரரும் நுழைகின்றனர். பல்கலைக்கழகம் கேட்கும் புள்ளி பெறாதோர் ஒருசாரார். பெரும் பல்கலைக்கழகமொன்றிலே சேர்ந்து ஒழுக்கக் குறைவினால் விலக்கப்பட்டோர் மற்றொரு சாரார். ஈராண்டு ஆடிப் படித்து, நான்காண்டுப் பல்கலைக்கழகமொன்றின் புலமைப்பரிசிலைப் பெற்று வெளியேறுதலே இரு சாராரின் வேட்கையுமாகும். இக்கல்லூரிகளின் போட்டிகளை நடத்தும் தேசிய இளநிலைக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1938ஆம் ஆண்டிலே அமைந்தது. அச்சங்கத்தின் முதற்பிரிவுக் கல்லூரிகள் கட்டணம், புத்தகம், உணவு, உறையுள் ஆகிய அனைத்தையும் புலமைப்பரிசிலாக வழங்கலாம். இரண்டாம் பிரிவினர் உணவும் உறையுளும் வழங்குதல் இயலாது. மூன்றாம் பிரிவினர் விளையாட்டின் பொருட்டு எதனையும் வழங்குதல் இயலாது.

பெரும் பல்கலைக்கழகங்களின் உதைபந்தாட்டத்துக்குத் தொலைக்காட்சி உரிமையினாலும் நுழைவுச்சீட்டினாலும் கோடிக்கணக்கான டொலர் வருமானம் உண்டு. சமுதாயக் கல்லூரிக்கு அத்தகைய வருமானம் இல்லை. உள்ளூர்ச் சொத்துவரி, மாநில அரசின் மானியம், மாணவர் செலுத்தும் கட்டணம், நன்கொடை ஆகியவற்றிலிருந்தே அதன் விளையாட்டுத் துறைக்குப் பணம் வருகின்றது. அமெரிக்க உதைபந்தாட்டமோ தலைக்கவசமும் தோட்கவசமும் அணிந்து உடலோடு உடல் மோதும் ஆட்டம். களத்திலே ஒரு பக்கத்துக்குப் பதினொருவரே ஆடினும், அணியிலே பல பத்துப் பேர் வேண்டும். தேசியச் சங்கத்தின் விதிப்படி ஒரு கல்லூரி 85 பேர் வரையில் புலமைப்பரிசில் வழங்கலாம். கவசம், காப்புறுதி, மருத்துவம், நெடுந்தூரப் பயணம், பயிற்றுநர் சம்பளம் என விரியும் இச்செலவைச் சுமப்போர் யார் என்னும் வினா, இத்தொடரைக் காண்போர் உள்ளத்தில் எழுதல் இயல்பே.

ஸ்கூபாவைப் பற்றிய முதற்பாகத்திலே அவ்வினாவுக்கு விடை இல்லை. ஆயினும் அப்பாகத்தின் சிறப்பைக் குறைத்துக் கூறலாகாது. ஏறத்தாழ 700 பேர் மட்டுமே வாழும் ஊரொன்றில் 2011, 2013, 2014 ஆகிய ஆண்டுகளின் தேசிய வெற்றிக் கிண்ணங்களைத் தனதாக்கிய அணி வாழ்கின்றது என்னும் முரணே காண்போரைக் கவர்வது. அவ்வணியின் கல்வி ஆலோசகர் பிரிற்றனி வாக்னர், வகுப்புக்குப் புறப்படும் வீரர் ஒவ்வொருவரிடமும் பென்சில் உண்டா என்று கேட்கும் காட்சி, பல மணிநேர ஆட்டக் காட்சிகளிலும் வலிமையுடையது. களத்திலே மலைபோல் நிற்கும் இளைஞன் ஒருவன் பென்சில் இன்றி வகுப்புக்குச் செல்லும் நிலை, அக்கல்வி முறையின் நோயைச் சொல்லின்றி உணர்த்துகின்றது. 2015 ஒக்ரோபரிலே நடந்த ஆட்டமொன்றில் மூண்ட கைகலப்பினால் அணி பருவ இறுதிப் போட்டிகளில் ஆடும் உரிமையை இழந்ததும் நாடகத்துக்குரிய வீழ்ச்சியாகவே தொகுக்கப்பட்டுள்ளது.

எனினும் அக்கல்லூரி ஆறு மாவட்டங்களுக்கென அமைந்த பொது நிறுவனம் என்பதும், அம்மாவட்டங்களின் வரிப்பணம் அதற்குச் செல்கின்றது என்பதும் கதையின் அங்கமாகவில்லை. அணி தோற்றால் பயிற்றுநர் வருந்துவதைக் காணலாம். அணி வென்றால் அவ்வெற்றியால் ஸ்கூபாவிலே தாதிமைத் தொழிலோ உருக்கொட்டுத் தொழிலோ பயிலும் மாணவருக்கு யாது பயன் என்பதைக் காணமுடியாது. அத்தகைய மாணவர் அக்கல்லூரியிலே இருக்கின்றனர் என்பதே காண்போர் நினைவில் நில்லாது. கல்லூரி முழுவதும் அணியொன்றின் முற்றமாகச் சுருங்கிவிடுகின்றது.

மூன்றாம் நான்காம் பாகங்களின் களமாகிய இன்டிப்பென்டன்ஸ் நகரம் இலக்கிய அன்பருக்குப் புதியதன்று. ‘பிக்னிக்’ என்னும் நாடகத்துக்காக 1953ஆம் ஆண்டின் புலிற்சர் பரிசைப் பெற்ற வில்லியம் இஞ் பிறந்த ஊர் அது. 1925இல் தோன்றிய அவ்வூர் இளநிலைக் கல்லூரியிலேயே அவர் முதலிற் பயின்றார். அவர் பெயரால் ஆண்டுதோறும் நாடக விழாவும் அங்கே நடைபெற்று வந்துள்ளது. சிற்றூர் மாந்தரின் ஏக்கத்தையும் தனிமையையும் மேடையேற்றிய ஓர் ஆசிரியரை வளர்த்த கல்லூரி, நூற்றாண்டொன்று நிறைவெய்தும் காலத்தில் உலகுக்கு அறிமுகமானது உதைபந்தாட்டப் பயிற்றுநர் ஒருவரின் கடுஞ்சொற்களினாலேயே என்பது சிந்திக்கத்தக்கது.

அம்மாற்றத்தின் பின்னணியிலே ஒரு விதிமாற்றம் உண்டு. கன்சாஸ் கல்லூரிகளின் போட்டிக் கூட்டமைப்பு, ஓர் அணியிலே சேரக்கூடிய வெளிமாநில வீரர் தொகைக்கு நெடுங்காலம் வரம்பு வைத்திருந்தது. 2016ஆம் ஆண்டளவில் அவ்வரம்பு நீங்கிற்று. அவ்வாண்டிலேயே ஜேசன் பிறவுண் பயிற்றுநராக வந்தார். நாட்டின் பல திசைகளிலிருந்தும் வீரர் திரட்டப்பட்டனர். 2017இல் ஒன்பது வெற்றியும் இரண்டு தோல்வியும் பெற்று அணி கூட்டமைப்பிலே முதலிடம் அடைந்தது. 2018இல் வெற்றி இரண்டாகவும் தோல்வி எட்டாகவும் மாறிற்று. ஜெர்மானிய வீரர் ஒருவருக்கு அனுப்பிய இழிவான குறுஞ்செய்தி வெளிப்பட்டதனால் 2019 பெப்ரவரியிலே பயிற்றுநர் பதவி துறந்தார்.

இவ்வேற்ற இறக்கம் முழுவதையும் தொடர் ஒரு மனிதனின் குணத்தினால் விளைந்ததாகவே காட்டுகின்றது. அதன் வேர் கணக்கிலே கிடத்தலைத் தெளிவாக்கவில்லை. சிற்றூர்க் கல்லூரியொன்று பெரிய அணியை வளர்ப்பதற்குக் கூறும் நியாயம் எளியது. வீரன் ஒவ்வொருவனும் ஒரு மாணவன். மாணவன் ஒவ்வொருவனும் கட்டணம் கொணர்கின்றான். மாணவர் தொகை பெருகினால் மானியமும் பெருகும். கல்லூரியின் பெயரும் பரவும். இந்நியாயத்தை மேலோட்டமாக நோக்குவோர் அதனை ஒப்புக்கொள்வர். ஆழ்ந்து நோக்கின் அதனுள்ளே இரண்டு சிக்கல்கள் உள.

முதலாவது: கட்டணத்தைப் புலமைப்பரிசிலாக வழங்குவதும் கல்லூரியே, அக்கட்டணத்தை வரவாக எழுதுவதும் கல்லூரியே. விளையாட்டுத் துறையின் செலவுப் பக்கத்திலும் கல்லூரியின் வரவுப் பக்கத்திலும் எழுதப்படுவது ஒரே பணம். வலப்பையிலிருந்து இடப்பைக்கு மாற்றிய காசை வருமானம் என்று மகிழ்தல் கூடாது. கூட்டரசின் உதவிப்பணமாகவோ மானியமாகவோ வெளியிலிருந்து வந்தது எவ்வளவு என்பதே உண்மையான வரவாகும்.

இரண்டாவது சிக்கல் இதனினும் கடியது. உள்ளூர் இளைஞன் அணியிலே சேரின், அணி இல்லாவிடினும் அவன் அக்கல்லூரிக்கு வந்திருப்பான் என்று கொள்ள இடமுண்டு; ஆகவே அவனால் வந்த வரவை அணியின் பயன் என்று கூறல் அரிது. வெளிமாநில இளைஞன் சேரின், அவன் அணியின் பொருட்டே வந்தான் என்பது உறுதி. ஆயின் கன்சாஸ் மாவட்டமொன்றிலே நிலமும் வீடும் உடையோர் செலுத்திய வரி, தொலைதூரத்து இளைஞனைப் பேணுவது தகுமோ என்ற வினா எழுகின்றது. கணக்குக்கு உதவுவோன் உள்ளூருக்கு உரியவனல்லன். உள்ளூருக்கு உரியவன் கணக்குக்கு உதவான். சமுதாயக் கல்லூரி விளையாட்டின் நடுவிலே கிடக்கும் முடிச்சு இதுவே. இன்டிப்பென்டன்ஸ் பாகங்களிலே கல்லூரி நிருவாகமும் ஊரவரும் தோன்றுமிடங்களில் இம்முடிச்சு இலேசாகத் தொடப்படுகின்றது. அடுத்த கணமே காட்சி பயிற்றுநரின் கூச்சலுக்குத் திரும்பிவிடுகின்றது. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரின் வகுப்பறைக் காட்சிகள் மட்டுமே அக்கூச்சலின் நடுவே கல்லூரியொன்று இருக்கின்றது என்பதை நினைவூட்டுகின்றன.

கணக்கேட்டை மறைத்தால் கதைக்கு நேரும் குறை யாது என்பதைக் காட்டத் தொடருக்கு வெளியே ஒரு சான்று உண்டு. கன்சாஸ் பற்றிய முதற்பாகம் உலகெங்கும் வெளியான அதே 2018ஆம் ஆண்டிலே, அரிசோனா மாநிலத்திலே சமுதாயக் கல்லூரி உதைபந்தாட்டம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. ஃபீனிக்ஸ் நகரை உள்ளடக்கிய மரிக்கோப்பா மாவட்டச் சமுதாயக் கல்லூரி நிருவாகம், தன் கீழுள்ள நான்கு கல்லூரிகளின் உதைபந்தாட்ட அணிகளையும் அப்பருவத்தோடு நிறுத்துவதாக 2018 பெப்ரவரியிலே அறிவித்தது. அந்நிருவாகம் காட்டிய கணக்கின்படி, விளையாட்டுத் துறையின் மொத்தச் செலவிலே 20 சதவீதத்தையும் காப்புறுதிச் செலவிலே 90 சதவீதத்தையும் உதைபந்தாட்டம் ஒன்றே விழுங்கிற்று. நேரடிச் செலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 770,000 டொலர். தொடர்ந்து நடத்துவதாயின் மூலதனச் செலவாக மேலும் ஏறத்தாழ 2 கோடி டொலர் வேண்டியிருக்கும் என மதிப்பிடப்பட்டது. மரிக்கோப்பாவுக்கும் தூசோன் நகரத்துப் பீமா கல்லூரிக்கும் மாநில அரசு வழங்கிவந்த மானியம் 2015இலே முற்றாக நிறுத்தப்பட்டிருந்தமையையும் இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். பீமாவும் தன் அணியைக் கலைத்தது.

இம்முடிவைக் கணக்கறிவின் வெற்றி என்று மட்டும் புகழ்தல் பொருந்தாது. கணக்கேட்டுக்கும் ஒரு குருட்டுத்தன்மை உண்டு. அவ்வணிகளின் வழியாகவே உயர்கல்வியின் வாயிலைக் கண்ட வறிய இளைஞர்க்கு அன்று ஒரு கதவு அடைபட்டது. 90 சதவீதக் காப்புறுதி என்னும் எண்ணை எழுதுதல் எளிது. அவ்வெண்ணுக்கு எதிரே எத்தனை இளைஞரின் எதிர்காலத்தை எழுதுவது என்பதற்கு அளவுகோல் இல்லை. ஆயினும் அரிசோனாவிலே வினா வெளிப்படையாகக் கேட்கப்பட்டது. செலவு இவ்வளவு, அதனைச் சுமப்போர் இன்னார் என்று பொதுமக்கள் முன்னிலையிலே கூறப்பட்டது. அதனை ஏற்போரும் எதிர்ப்போரும் ஒரே எண்களை வைத்து வாதிட முடிந்தது. தொடரிலே காணாத நேர்மை இதுவாகும்.

லேனிக் கல்லூரியைப் பற்றிய ஐந்தாம் பாகம் ஏனையவற்றினும் உயர்ந்து நிற்பதற்குரிய காரணம் இப்போது விளங்கும். கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் தமக்கெனத் தனிச் சங்கம் உடையவை. அங்கே விளையாட்டுக்கெனப் புலமைப்பரிசில் வழங்குதல் விதியால் தடுக்கப்பட்டுள்ளது. பருவகாலத்தில் ஆடும் வீரன் பன்னிரண்டு அலகுப் பாடங்களிலேனும் பதிவு செய்திருத்தல் வேண்டும். ஆகவே கல்லூரியின் மாணவர் கணக்கிலே அவன் முழுநேர மாணவன். ஆனால் அவன் உணவும் உறையுளும் அவன் பொறுப்பே. வீட்டு வாடகை வானளாவிய ஒக்லண்ட் பெருநகரப் பகுதியிலே, வீரனொருவன் உணவுக்கடையில் வேலை செய்து, தன் மோட்டார் வண்டியிலே உறங்கி, மறுநாள் பயிற்சிக்கு வருகின்றான். ஸ்கூபாவிலே ஆறு மாவட்டங்களின் வரிக்குள் மறைந்து கிடந்த செலவு, இங்கே ஓர் இளைஞனின் பசியாகவும் தூக்கமின்மையாகவும் கண்முன் நிற்கின்றது. புலமைப்பரிசிலை ஒழித்தால் விளையாட்டின் செலவு ஒழிந்துவிடும் என்று எண்ணுவோர்க்கு இக்காட்சியே தக்க விடை. செலவு ஒழியவில்லை, சுமப்போன் மாறினான்.

அப்பாகத்தின் நடுநாயகமாக விளங்கும் ஜோன் பீம், 2018இலே மாநில வெற்றி பெற்ற அணியின் பயிற்றுநர். கன்சாஸ் பயிற்றுநரைப் போலன்றி, வீரரின் வாழ்க்கை நிலையை உசாவியறிந்து பேசும் பண்பினர். அவர் 2025 நவம்பரிலே லேனிக் கல்லூரி வளாகத்தில் சுடப்பட்டு உயிர் துறந்தார் என்பது அப்பாகத்தை இன்று காண்போர்க்கு ஆறாத் துயரத்தைத் தருவது. அவரைக் காட்டுமிடத்துத் தொடர் தன் வழக்கமான பரபரப்பை ஓரளவு கைவிட்டு, நிதானம் எய்துகின்றது. கூடைப்பந்தாட்டம் பற்றிய பாகங்களும் இந்நிதானத்தையே பின்பற்றின. 2020 மார்ச்சிலே பெருந்தொற்றினால் மாநில இறுதிப் போட்டிகள் நின்றுபோகும் கட்டம் மிகையின்றிக் காட்டப்பட்டுள்ளது.

தொடரின் தலைப்பைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். ‘கடைசி வாய்ப்பு’ என்னும் சொல் நாடகச் சுவைக்கு உதவுவது. சமுதாயக் கல்லூரியின் இயல்புக்கு மாறானது. பத்தொன்பது வயதிலே தவறியோன் நாற்பது வயதிலே திரும்பி வரினும் அடையாத கதவையுடையது அந்நிறுவனம். விளையாட்டு வாழ்வுக்கு ஒரு கடைசி வாய்ப்பு இருக்கலாம். கல்விக்கு அவ்வாறு இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் காட்டியதனால், அணியிலிருந்து விலக்கப்பட்ட இளைஞனுக்குக் கல்வியும் முடிந்துவிட்டது என்னும் மயக்கம் காண்போர்க்கு உண்டாகின்றது. அவ்விளைஞர்க்கே அம்மயக்கம் உண்டாதல் இன்னும் கொடிது. இத்தொடரின் பாகங்கள் யாவும் ஆடவர் அணிகளையே பற்றியவை என்பதும் குறிப்பிடத்தக்கது. கல்வி நிறுவனங்களிலே பால் வேற்றுமையை விலக்கிய 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், பெரிய ஆடவர் அணியொன்றை வைத்திருக்கும் கல்லூரி மகளிர்க்கும் ஒப்பான வாய்ப்பளிக்கக் கடமைப்பட்டுள்ளது. கணக்கேட்டின் அப்பக்கமும் இங்கே புரட்டப்படவில்லை.

வரவின் அளவறிந்து வழங்குதலைப் பற்றிய குறட்பாக்களை வள்ளுவர் பொருளீட்டும் அதிகாரத்திலே வையாது, வலியறிதல் என்னும் அதிகாரத்திலே வைத்தார். தன் வலிமையை அறிதல் என்பது தன் கணக்கை அறிதலையும் உள்ளடக்கியது என்பதே அவ்வைப்பு முறையால் பெறப்படும் கருத்து. உடல் வலிமையே பேசப்படும் களத்துக்கும் அக்கருத்து பொருந்தும். ஓர் அணியின் வலிமையை அதன் முன்வரிசை வீரரின் எடையால் அளப்போர், அவ்வணியைத் தாங்கும் ஊரின் வலிமையையும் அளந்தறிதல் வேண்டும்.

‘லாஸ்ற் சான்ஸ் யூ’ சிறந்த விவரணத் தொடர் என்பதிலே ஐயமில்லை. கல்லூரி விளையாட்டைப் புகழ்ச்சியுரையாகவே காட்டிவந்த வழக்கை விடுத்து, அதன் வறுமையையும் முரட்டுத்தன்மையையும் அன்பையும் அது காட்டிற்று. ஆனால் அது கேளாது விட்ட வினாவையே அக்கல்லூரிகளின் நிருவாகிகள் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தின் முன்னிருந்து கேட்கவேண்டியுள்ளது: இவ்வணி யாருக்காக, யாருடைய பணத்தில்? அவ்வினாவுக்கு ஸ்கூபாவும் இன்டிப்பென்டன்ஸும் அரிசோனாவும் ஒக்லண்டும் நான்கு வேறு விடைகளை அளித்தன. நான்கு விடையிலும் நட்டம் அடைந்தோர் உளர். அவருட் சிலரின் முகங்களைத் தொடரிலே காணலாம். ஏனையோரைக் காண்பதற்கு அக்கல்லூரிகளின் கணக்கேட்டையே புரட்டவேண்டும்.